விண்மீனின் கணக்கேடு

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விக் கழகத்தை இடையறாது நடத்திச் செல்வது எளிய செயலன்று. அத்தகைய கழகத்தின் விழாவில் அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றி உரையாற்றுமாறு பணிக்கப்பெற்றபோது, எதனைத் தேர்ந்தெடுப்பது என்று நெடிது எண்ணினோம். மின்னாற்றலைப் பற்றியும் அணுவைப் பற்றியும் பாடநூல்களிலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்வுக்கூடமும் பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் உண்மையான அறிவியல் பணி ஆற்ற இயலுமா என்னும் வினாவிற்குப் பாடநூலில் விடை இல்லை. இயலும் என்று மெய்ப்பித்துக் காட்டிய துறை ஒன்று உண்டு. விண்மீன்களின் ஒளி கூடுவதையும் குறைவதையும் இரவுதோறும் கண்டு குறித்துவைக்கும் பணியே அது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நம் தெருப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்புத் தேர்வில் மும்முறை தவறினான். மூன்றாம் முறை தேர்வு முடிவைக் கேட்க வந்து நின்றவனிடம், "படிப்பு உனக்கு வராது தம்பி, ஏதேனும் கைத்தொழில் பார்" என்று சொல்லி அனுப்பினோம். அவன் நலம் கருதியே சொன்னோம். அதன் பிறகு அவன் பள்ளிப் பக்கமே வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, தேர்வில் மும்முறை தவறிய வேறொருவரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் யார் என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் விண்மீனுக்கு வருவோம். மண்ணுலகில் உள்ளவை யாவும் மாறும், விண்ணுலகில் உள்ளவை என்றும் மாறா என்று பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கற்பித்தார். ஐரோப்பியர் அதனை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஐயமின்றி நம்பினர். 1596-ஆம் ஆண்டில் டேவிட் பாப்ரிசியஸ் என்னும் கிறித்தவப் போதகர், திமிங்கிலம் எனப்படும் விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீனைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. பின்னர் மீண்டும் தோன்றியது. ஏறத்தாழப் பதினொரு திங்களுக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குகின்றது என்பது 1638-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. இலத்தீன் மொழியில் வியப்புக்குரியது என்னும் பொருள்பட அதற்கு 'மைரா' என்று பெயரிட்டனர். மாறாதது என்று நூலோர் வரையறுத்த வானமும் மாறுகின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. இவ்வாறு ஒளி கூடியும் குறைந்தும் தோன்றுவனவற்றையே ஒளிமாறும் விண்மீன்கள் என்கின்றோம்.

அடுத்து, இங்கிலாந்து நாட்டின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் என்னும் இளைஞரைப் பாருங்கள். குழந்தைப் பருவத்திலேயே அவர் செவிப்புலனை இழந்தார். 1782-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பதினெட்டாம் வயதில், அல்கோல் என்னும் விண்மீன் வழக்கத்தினும் மங்கியிருப்பதைக் கண்டார். இரவுதோறும் அதனை நோக்கி, 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை அது தவறாது மங்குகின்றது என்று கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியாத வேறொரு பொருள் அதனைச் சுற்றிவந்து இடையிடையே மறைக்கின்றது போலும் என்று ஒரு விளக்கமும் தந்தார். ராயல் கழகம் 1783-ஆம் ஆண்டில் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1889-ஆம் ஆண்டில், ஜெர்மானிய அறிஞர் ஃபோகெல் நிறமாலை ஆய்வினால் அவ்விளக்கம் சரியே என்று மெய்ப்பித்தார். அதனைக் காணக் குட்ரிக் உயிரோடு இல்லை. அவர் 1786-ஆம் ஆண்டிலேயே, இருபத்தோராம் வயதில் மறைந்துவிட்டார்.

அவ்விளைஞர் 1784-ஆம் ஆண்டில் செஃபியஸ் கூட்டத்திலும் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அதன் இனத்தைச் சேர்ந்த விண்மீன்களை ஆராய்ந்த ஹென்ரியட்டா லீவிட் என்னும் அம்மையார், மெதுவாக ஒளிமாறுவது உண்மையில் பேரொளி உடையது, விரைந்து மாறுவது குறைந்த ஒளி உடையது என்னும் விதியை 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உண்மை ஒளி தெரிந்தால், கண்ணுக்குத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம் அன்றோ? 1923-ஆம் ஆண்டில் எட்வின் ஹப்பிள் ஆந்திரமேடா நெபுலாவில் அவ்வின விண்மீனைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி விண்மீன் மண்டிலம் என்பதை நிறுவினார். அண்டத்தின் அளவை அறிவதற்கு உதவிய அளவுகோலின் முதற் குறிகளுள் ஒன்றை இட்டவர், காது கேளாத இருபது வயது இளைஞர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, இப்பணிக்கு ஆர்வலர்கள் ஏன் தேவைப்பட்டனர் என்பதைக் காண்போம். ஒளிமாறும் விண்மீன்கள் பல்லாயிரம். அவற்றுள் சில ஒழுங்காக மாறும், சில முன்னறிவிப்பின்றி மாறும். வானாய்வு நிலையங்களின் பெரிய தொலைநோக்கிகளை ஒரே விண்மீன்மீது ஆண்டுக்கணக்கில் திருப்பிவைக்க இயலாது. ஓரிடத்தில் மழை பெய்தால் மற்றோர் இடத்தில் வானம் தெளிந்திருக்க வேண்டும். ஒருவர் முதுமையுற்றால் மற்றொருவர் தொடரவேண்டும். ஆகவே, 1844-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியலார் ஆர்கெலாண்டர், பொதுமக்களுள் வானில் ஆர்வம் உடையோர் இப்பணியை மேற்கொள்ளவேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1911-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் டைலர் ஓல்காட் என்னும் வழக்கறிஞர், ஹார்வர்டு வானாய்வு நிலையத் தலைவர் பிக்கரிங்கின் ஊக்கத்தோடு, ஒளிமாறும் விண்மீன் நோக்குநர் சங்கத்தை அமைத்தார். உலகெங்கிலும் உள்ளோர் அதற்கு அனுப்பிய பதிவுகள் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவை.

அச்சங்கத்தின் ஏட்டில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவிலும் விண்மீனின் பெயர், நாள், நேரம், ஒளியின் அளவு, நோக்கியவரைக் குறிக்கும் சில எழுத்துகள் ஆகியவையே இடம்பெறும். பார்த்தவர் எந்தக் குலம், எந்தத் தெரு, என்ன பட்டம் என்று அவ்வேடு கேட்பதில்லை. பார்த்தது சரியா, தவறா என்பதை மட்டுமே கேட்கின்றது.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லெஸ்லி பெல்டியர் என்னும் உழவர் வீட்டுச் சிறுவன் இருந்தான். சிறிய தொலைநோக்கி ஒன்றின் விலை 18 டாலர். ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும் அளவுக்கு இரண்டு சென்ட் கூலி என்று, ஸ்ட்ராபெரிப் பழங்களை 900 அளவு பறித்து அத்தொகையைச் சேர்த்தான். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் விட்டு ஏரைப் பிடித்தான். 1918-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தொடங்கிய அவருடைய பதிவுகள் 1980-ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை தொடர்ந்தன. அவை ஏறத்தாழ 1,32,000. அறுபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு திங்கள்கூட அவருடைய அறிக்கை சங்கத்திற்குப் போகாமல் இருந்ததில்லை.

இப்பொழுது, முன்னர்ச் சொல்லாமல் விட்ட அந்தப் பெரியவரிடம் வருவோம். அவர் பெயர் ராதாகோவிந்த சந்திரர். 1878-ஆம் ஆண்டில், அந்நாள் வங்காளத்தின் ஜெசூர் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். நுழைவுத் தேர்வு எனப்பட்ட அந்நாளைய பள்ளியிறுதித் தேர்வில் மும்முறை தோற்றவர். பின்னர் அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறுபணியில் சேர்ந்தார். பகலெல்லாம் காசைத் தட்டிப் பார்த்து நல்லதா, கள்ளதா என்று தேர்ந்தவர், இரவில் வீட்டிற்கு வந்து வானத்தை நோக்கினார். 1910-ஆம் ஆண்டில் ஹாலி வால்விண்மீனைக் கண்டு எழுதிவைத்தார். தம் சிறு வருவாயைக்கொண்டு 1912-ஆம் ஆண்டில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்.

1918-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கருடன் எனப்படும் கூட்டத்தில் திடீரெனப் புதிய ஒளி ஒன்று எழுந்தது. அதனை உலகில் முதலில் கண்ட சிலருள் சந்திரரும் ஒருவர். அவர் எழுதிய மடல் ஹார்வர்டு சென்றது. அங்கிருந்த அறிஞர்கள் அவரைச் சங்கத்தோடு இணைத்தனர். 1926-ஆம் ஆண்டில் சங்கத்தார் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பிவைத்தனர். 1954-ஆம் ஆண்டு வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37,000-த்திற்கும் மேற்பட்டவை. நாடு பிரிவினையுற்றபின் மேற்கு வங்கத்திற்குக் குடிபெயர்ந்து, 1975-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவருக்கு அனுப்பப்பெற்ற தொலைநோக்கி என்னவாயிற்று? அது பின்னர் வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பொறுப்பிற்கு வந்து, நம் சவ்வாது மலையிலுள்ள காவலூரை அடைந்தது. இன்று வைணு பாப்பு வானாய்வு நிலையம் என வழங்குவது அவ்விடமே. தேர்வில் மும்முறை தோற்றவருக்காக உலகம் அனுப்பிய கருவி, நம் மலையில் வந்து தங்கியது. நம் தமிழகத்திற்கு இத்துறையில் வேறு சிறப்பும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867-ஆம் ஆண்டில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அந்நிலையத்தின் தலைவராயிருந்த போக்சன் 1856-ஆம் ஆண்டில் வகுத்த ஒளித்தர அளவையையே இன்றும் உலகம் பின்பற்றுகின்றது.

அந்த அளவை கடினமானதன்று. வகுப்பில் முதல் தரம், இரண்டாம் தரம் என்பது போன்றதே. எண் சிறிதாயின் ஒளி பெரிது. முதல் தர விண்மீனின் ஒளி, ஆறாம் தர விண்மீனின் ஒளியைப்போல் நூறு மடங்கு. இந்த அளவையைக்கொண்டு, கருவி ஏதுமின்றி, நீங்கள் இன்றே நோக்கத்தக்க விண்மீன் ஒன்று உண்டு. அதன் பெயரை நம் பாட்டிமாரும் அறிவர். அதுதான் திருவாதிரை.

மார்கழித் திங்களில், இரவு தொடங்கிச் சற்று நேரத்தில் கிழக்கே பாருங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் மேல்கீழாக நிற்கும். அவற்றின் இடப்புறம், அதாவது வடபுறம், செந்நிறத்தில் ஒளிர்வதே திருவாதிரை. மேலைநாட்டார் அதனைப் பெட்டெல்கியூஸ் என்பர். அதன் ஒளி மாறுவதை ஜான் ஹெர்ஷல் 1836-ஆம் ஆண்டிலேயே கண்டார். ஏறத்தாழ 400 நாள்களுக்கு ஒரு சுற்றாகவும், ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாகவும் அது கூடியும் குறைந்தும் வருகின்றது.

நோக்கும் முறையைக் கேளுங்கள். ஒளி மாறாத, அல்லது மிகச் சிறிதே மாறுகின்ற விண்மீன்களோடு அதனை ஒப்பிடவேண்டும். புரோசியான் என்னும் விண்மீன் 0.4, ரோகிணி 0.9, புனர்பூசத்தின் ஒளிமிக்க விண்மீன் 1.1 என்று கொள்க. திருவாதிரை புரோசியானைவிட மங்கலாகவும் ரோகிணியைவிட ஒளிமிக்கும் தோன்றினால், அது 0.4-க்கும் 0.9-க்கும் இடைப்பட்டது. இரண்டிற்கும் நடுவில் உள்ளதாகத் தோன்றினால் 0.6 அல்லது 0.7 என்று எழுதுக. தொடுவானை ஒட்டிய விண்மீனின் ஒளியைக் காற்று மண்டலம் குறைத்துவிடும். ஆகவே ஒப்பிடப்படுபவை ஏறத்தாழ ஒரே உயரத்திற்கு வரும்வரை காத்திருங்கள். செந்நிற விண்மீனை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் அது இருப்பதைவிட ஒளிமிக்கதாகத் தோன்றும். எனவே விரைந்து பார்த்துக் கண்ணை எடுத்துவிடுங்கள். எழுதுவதற்குக் கைவிளக்கைச் சிவப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். முழுநிலவு அருகில் இருந்தாலோ மெல்லிய மேகம் படர்ந்திருந்தாலோ அதனையும் குறியுங்கள். இத்தகைய நோக்கலில் ஒரு தரத்தில் பத்தில் இரண்டு பங்கு அளவுக்குப் பிழை நேர்வது இயல்பே. பலருடைய பதிவுகளை ஒன்று சேர்க்கும்போது அப்பிழை தேய்ந்துவிடும். நூறு பேர் சேர்ந்து பார்ப்பதன் வலிமை அதுதான்.

இதனால் விளையும் பயனுக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று சொல்வோம். வழக்கமாக 0.5 அளவில் இருக்கும் திருவாதிரை, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மங்கத் தொடங்கியது. எட்வர்ட் கினன் என்னும் பேராசிரியரும், ரிச்சர்ட் வாசாடோனிக் என்னும் ஆர்வலரும் அதனைத் தொடர்ந்து அளந்துவந்தோருள் முதன்மையானவர்கள். அவர்கள் டிசம்பர்த் திங்களில் உலகிற்கு அறிவித்தனர். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது 1.6 வரை இறங்கிற்று. வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. விண்மீன் வெடிக்கப் போகின்றதோ என்று சிலர் பேசினர். ஏப்ரல் அளவில் அது பழைய ஒளிக்குத் திரும்பியது. விண்மீனிலிருந்து வெளிப்பட்ட வாயு குளிர்ந்து தூசியாகி அதன் ஒளியின் ஒரு பகுதியை மறைத்ததும், விண்மீனின் ஒரு பகுதி குளிர்ந்ததும் காரணம் என்று 2021-ஆம் ஆண்டில் அறிஞர்கள் விளக்கினர். சிலி நாட்டின் பெருந்தொலைநோக்கி எடுத்த படங்கள் அதற்குத் துணைநின்றன. ஆயினும் எந்நாளில் மங்கத் தொடங்கியது, எவ்வளவு மங்கியது, முன்பு எப்போதேனும் இவ்வாறு மங்கியதுண்டா என்பவற்றுக்கு விடை தந்தவை, பல தலைமுறைகளாகப் பலர் எழுதிவைத்த குறிப்புகளே. இன்று தானியங்கிக் கருவிகள் வானம் முழுவதையும் படம் எடுக்கின்றன. ஆயினும் திருவாதிரை போன்ற பேரொளி விண்மீன்கள் அவற்றின் கண்ணைக் கூசச்செய்கின்றன. மனிதக் கண்ணின் பணி இன்னும் முடிந்துவிடவில்லை.

இளைஞர்களே! இப்பணிக்கு வேண்டிய முதல் தகுதி உண்மை. நேற்று 0.7 என்று எழுதினோம், இன்றும் அதற்கு ஒத்து எழுதுவோம் என்று எண்ணக் கூடாது. முந்திய எண்ணைப் பார்க்காமலேயே இன்றைய எண்ணை எழுதவேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் நின்று 0.5 என்று சொன்னாலும், உம் கண்ணுக்கு 0.8 என்று தோன்றினால் 0.8 என்றே எழுதுக. வானம் மறைந்திருந்தால் மறைந்திருந்தது என்று எழுதுக. காணாததைக் கண்டதாக எழுதிய ஒரு வரி, கண்டு எழுதிய நூறு வரிகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும்.

இரண்டாம் தகுதி விடாமுயற்சி. முன்னர்ச் சொன்ன பெல்டியர், வடமகுடம் எனப்படும் கூட்டத்தில் உள்ள விண்மீன் ஒன்றை இருபத்தைந்து ஆண்டுகளாகக் காத்திருந்து நோக்கினார். 1866-ஆம் ஆண்டில் ஒருமுறை திடீரென ஒளிர்ந்த விண்மீன் அது. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓர் இரவு இரண்டரை மணிக்கு எழுந்தார். சளித் தொல்லை மிகுந்திருந்ததால் மீண்டும் படுத்துவிட்டார். அந்த இரவில்தான், எண்பது ஆண்டுகளுக்குப் பின், அவ்விண்மீன் மீண்டும் பேரொளி வீசியது. அவர் மனம் மிக வருந்தினார். ஆயினும் மறுநாள் நோக்குவதை விடவில்லை. அதன் பின்னும் முப்பத்துநான்கு ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். நாம் அவரிடம் கற்கவேண்டியது இதுவே. ஓர் இரவு தவறிற்று என்று ஏட்டை மூடிவிடுதல் கூடாது.

அன்று பள்ளிவாயிலில் நின்ற பிள்ளையிடம் நாம் சொன்ன சொல் பிழை. கைத்தொழில் இழிவானது என்பதற்காக அன்று. உழவரும் கருவூலப் பணியாளரும் உலகிற்கு அறிவு வழங்கியதை இப்பொழுதுதான் கண்டோம். தேர்வில் தவறியதோடு அறிவின் வாயிலும் அடைபட்டது என்று நாமே அவனுக்குத் தீர்ப்புச் சொன்னதுதான் பிழை. நூல்களைத் தொடவும் கூடாது என்று நம் முன்னோரை விலக்கிவைத்த உலகத்தின் சொல்லை, நம்மை அறியாமல் நாமும் நம் பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். இன்று இவ்வவையில் அதற்காக வருந்துகின்றோம். இங்கே அமர்ந்திருப்போருள் தேர்வில் தவறியவர் எவரேனும் இருப்பின், அவர் மீண்டும் எழுதுவாராக. மீண்டும் எழுதும்வரை வானத்தைப் பார்ப்பாராக. தேர்ச்சி பெற்றவரும் அவர் அருகில் வந்து நிற்பாராக.

நிறைவாக, கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கழகத்தின் பெயரால் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். அதற்கு ஆகும் செலவு ஓர் ஏட்டின் விலையே. நாள், நேரம், ஒப்பிட்ட விண்மீன்கள், ஒளியின் அளவு, வானத்தின் நிலை, நோக்கியவரின் பெயரெழுத்து என ஆறு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஐந்து பிள்ளைகள் முறைவைத்து, திருவாதிரை தோன்றும் திங்கள்களில், வாரத்திற்கு ஒருமுறை எழுதினால் போதும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டு பிழையின்றி நடத்தியபின், அப்பதிவுகளை உலகச் சங்கத்திற்கு அனுப்ப வேண்டிய வழிமுறைகளை நாமே முன்னின்று செய்து தருவோம். முதல் மூன்று திங்கள்கள் உடனிருந்து கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கின்றோம். பொன்விழா நடைபெறும் நாளில், இருபத்தைந்து ஆண்டுகளின் திருவாதிரைக் கணக்கு நம் கழகத்தின் பேழையில் இருக்கவேண்டும் என்பதே எமது ஆவல்.